குவாங்சோவுக்குக் குடிபோகிறீர்களா? முதல் மாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் கடைசியில் கொல்கத்தாவிலிருந்து தென்சீன நகரமான குவாங்சோவுக்கு நேரடி விமானம் மறுபடி பறக்கத் தொடங்கியதிலிருந்து, "அங்கே வேலை கிடைத்திருக்கிறது, என்னவெல்லாம் கொண்டுவர வேண்டும்?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பெட்டியில் புளியும் மிளகாய்த்தூளும் எவ்வளவு வைப்பது என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அடுத்தது மொழி. இரண்டும் நாளடைவில் பழகிவிடும். புதிதாக வந்தவர்களைத் தூங்கவிடாமல் அடிப்பவை பதிவு, பெயர், கைப்பேசி, வீடு ஆகிய நான்கும்தான். முதல் மாதத்தில் இவற்றில் நேரும் சின்னப் பிழையைச் சரிசெய்ய ஒரு வருடம்கூட ஆகலாம். அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

24 மணி நேரத்துக்குள் பதிவு

ஓட்டலில் தங்கினால் உங்களைப் போலீஸில் பதிவு செய்வது ஓட்டல்காரர்களின் வேலை. நண்பர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இறங்கினால், நீங்களோ வீட்டுக்காரரோ 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிந்தாக வேண்டும். 2013 ஜூலையில் அமலுக்கு வந்த குடிவரவுச் சட்டத்தில் இது இருக்கிறது. தவறினால் எச்சரிப்பார்கள், 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். "கம்பெனி ஆள் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கேட்டு, கூடப் போய், பதிவுச் சீட்டைக் கையில் வாங்குங்கள். வீடு மாறினாலும் பாஸ்போர்ட் மாறினாலும் மறுபடி பதிய வேண்டும்.

வேலைக்கான இசட் விசாவில், தங்கும் நாட்கள் என்ற இடத்தில் 000 என்று அச்சிட்டிருக்கும். சிலர் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே வந்த 30 நாட்களுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி எல்லாம் அந்த 30 நாட்களுக்குள்தான் அடங்க வேண்டும். விண்ணப்பித்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். தங்கை கல்யாணத்துக்கு அதே வாரத்தில் டிக்கெட் போட்டுவிட்டுத் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும். முதல் இரண்டு மாதங்களுக்கு ஊர்ப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

"வியாபார விசாவில் வந்து வேலையைத் தொடங்குங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். பிடிபட்டால் வேலை கொடுத்தவரோடு உங்களுக்கும் தண்டனை உண்டு: 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், நிலைமை மோசமானால் 5 முதல் 15 நாள் காவல்.

அப்பா பெயர் எங்கே வரும்?

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக வரும் சிக்கல் இது. இங்கே சிம், வங்கிக் கணக்கு, பணம் செலுத்தும் செயலி, ரயில் டிக்கெட் எல்லாமே பாஸ்போர்ட் பெயரோடு கட்டப்பட்டவை. ஓர் இடத்தில் எழுதிய பெயரும் இன்னோர் இடத்தில் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் சரிபார்ப்பு விழுந்துவிடும். நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் சிலருக்கு அப்பா பெயர், சிலருக்கு வெறும் இனிஷியல், சிலருக்கு ஒன்றுமே இல்லை.

எனக்கு நடந்தது இதுதான். சிம் வாங்கிய கடையில் அப்பா பெயரை முன்னால் போட்டார்கள், வங்கியில் என் பெயரை முன்னால் போட்டார்கள். வங்கி அட்டையைச் செயலியில் சேர்க்கவே முடியவில்லை. எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கவே மூன்று முறை வங்கிக்கு அலைந்தேன்.

பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி அம்புக்குறிகளோடு இருக்கும் அல்லவா, அதில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையை, பெரிய எழுத்தில், அதே இடைவெளியோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கவுன்டரிலும் அதைக் காட்டி, இப்படியே அடிக்கச் சொல்லுங்கள். வெறும் இனிஷியல் இருப்பவர்கள், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதிக்கொள்வது நல்லது. சான்றிதழ்களிலும் அதே பெயர் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் போலீஸ் பதிவு, பிறகு சிம், அதன் பிறகு வங்கி, கடைசியில் செயலிகள். அவசரத்துக்கு நண்பர் பெயரில் சிம் வாங்கிக்கொள்ளாதீர்கள். வங்கி உங்கள் பெயரில் இருக்கும் எண்ணைத்தான் கேட்கும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், அப்போது வங்கி, சிம், ரயில் கணக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் மாற்ற வேண்டியிருக்கும். காலாவதிக்கு ஒரு வருடமே இருந்தால் இந்தியாவிலேயே புதுப்பித்துக்கொண்டு வருவது எவ்வளவோ மேல்.

விமானம் ஏறும் முன் கைப்பேசியில்

ரொக்கத்தோடு பழத் தள்ளுவண்டி முன் நின்றால் மீதி கொடுக்கக் கடைக்காரர் திணறுவார். எல்லாம் அலிபே, வீசாட் என்ற கைப்பேசிச் செயலிகளில்தான். 2023 முதல் வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இவற்றில் இணைக்க முடிகிறது. இதை ஊரிலேயே செய்துவிடுங்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட மறந்து, இறங்கிய இரவே தவிப்பவர்கள் பலர். ஒரு தடவையில் 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் உண்டு, எனவே இந்திய அட்டை தற்காலிகத்துக்கு மட்டும். புது வீசாட் கணக்கு தொடங்கும்போது பழைய பயனர் ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று கேட்கலாம். அந்த ஆளையும் முன்பே பிடித்து வையுங்கள்.

உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் வராது. இந்திய சிம்மைக் கைவிட்டுவிடாதீர்கள், ஓடிபி அதில்தான் வரும். அம்மாவின் கைப்பேசியில் வீசாட்டைப் போட்டு, எப்படிப் பேசுவது என்று ஒரு முறை பழக்கிக் காட்டிவிட்டு வாருங்கள். முதல் வாரத்தில் குரல் கேட்காமல் அவர்கள் படும் பாடு பெரிது. வழி பார்க்க காவ்தே என்ற சீன வரைபடச் செயலி போதும். வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலை முறை சீனாவில் வேறு என்பதால் கூகுள் வரைபடம் உங்களைத் தெரு தள்ளிக் காட்டும்.

வீடு பார்க்கும்போது

இங்கே பரவலாக இருக்கும் முறைக்கு 'யா அர் ஃபூ யீ' என்று பெயர்: இரண்டு மாத அட்வான்ஸ், ஒரு மாத வாடகை முன்பணம். புரோக்கருக்குத் தனி. வீட்டின் உரிமைப் பத்திரத்தைக் காட்டாதவரிடம் பணம் கட்டாதீர்கள். போலீஸ் பதிவின்போதும் அதன் நகல் தேவைப்படும். வெளிநாட்டவரைப் பதிய வீட்டுக்காரர் சம்மதிக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஆனால் குவாங்சோவில் வீடு பார்க்கும்போது யாரும் சொல்லித்தராத விஷயம் ஈரம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் சில வாரங்கள் 'ஹுய் நான் தியான்' வரும். குளிரில் சில்லிட்டுப் போயிருக்கும் சுவர்மேல் தென்சீனக் கடலிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்து படும். தரை, சுவர், கண்ணாடி எல்லாம் வியர்த்துக் கொட்டும். நம் கை உடனே ஜன்னலைத் திறக்கப் போகும், காற்று வந்தால் காய்ந்துவிடும் என்று. திறந்தால் இன்னும் நனையும். இறுக மூடி, ஏசியை ஈரம் உறிஞ்சும் நிலையில் ஓடவிடுங்கள். முடிந்தால் ஈரம் உறிஞ்சும் எந்திரம் ஒன்று வாங்கிவிடுங்கள். கீழ்த்தள வீடுகள்தான் அதிகம் நனையும். வீடு பார்க்கப் போகும்போது அலமாரிக்குப் பின்னால் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள், கறுத்திருந்தால் வேண்டாம். பட்டுப் புடவைகளையும் அரைத்த மசாலாப் பொடிகளையும் முதல் வசந்தத்திலேயே பூஞ்சைக்குக் கொடுத்த குடும்பங்கள் உண்டு.

குளிர்காலமும் ஏமாற்றும். வடக்கு நகரங்களைப் போல இங்கே வீடுகளுக்குப் பொது வெப்பமூட்டல் கிடையாது. ஜனவரியில் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் நடுக்கம் அதிகமாகத் தெரியும்.

சாப்பாட்டு மேசை

சைவர்கள் 'புயாவ் ரோ', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொல்லிப் பழகுகிறார்கள். ரோ என்று மொட்டையாகச் சொன்னால் இங்கே பன்றி இறைச்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கோழி வரலாம், சிப்பிச் சாறு ஊற்றிய கீரையும் வரலாம். 'வோ ச்சீ சூ' (நான் சைவம்) என்று சொல்லிவிட்டு, முட்டை, மீன், சாறு எதெல்லாம் கூடாது என்று சீன எழுத்தில் எழுதிய சீட்டையும் காட்டுங்கள். இங்கே சைவம் அன்னியமானதல்ல, சந்திர மாதத்தின் 1, 15 தேதிகளில் பௌத்தர்கள் பலர் சைவம்தான். காஞ்சியிலிருந்து வந்தவர் என்று நம் பக்கம் சொல்லப்படும் போதிதர்மர் கரையிறங்கியதாக மரபு சொல்லும் இடத்தில், லிவான் பகுதியில், ஹுவாலின் கோயில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். பாகற்காய், கத்தரிக்காய், பூசணி எல்லாம் சந்தையில் தாராளம்.

காலைத் தேநீருக்கு யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள். முதலில் ஊற்றும் தேநீரைக் குடித்துவிட வேண்டாம், அது கிண்ணத்தையும் குச்சிகளையும் அலம்ப. உங்கள் கோப்பையை நிரப்புபவருக்கு மேசையில் விரலால் இரண்டு தட்டு, அதுவே நன்றி. பழைய பகுதிகளில் இவ்வூர் மொழியான கான்டனீஸ்தான் பேச்சு. செய்த உதவிக்கு 'ம் கோய்', கொடுத்த பரிசுக்கு 'தோ ஜே'. இரண்டு நன்றிகளையும் சரியான இடத்தில் சொன்னால் காய்கறி விற்கும் அம்மாவின் முகமே மலர்ந்துவிடும்.

நாட்காட்டி

அரசு அறிவிக்கும் நீண்ட விடுமுறைகளுக்கு ஈடாகச் சில சனி, ஞாயிறுகள் வேலை நாளாகும். அலுவலக அட்டவணையைப் பார்க்காமல் அந்த நாளில் ஊர் சுற்றத் திட்டமிடாதீர்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் 15-ஆம் தேதியையொட்டி கான்டன் சந்தை என்ற பெரிய வணிகக் கண்காட்சி தொடங்கும், ஓட்டல் வாடகை ஏறிவிடும். சொந்தக்காரர்களை அந்த வாரங்களில் அழைக்க வேண்டாம். சீனப் புத்தாண்டுக்கு ரயில் முன்பதிவு 15 நாட்களுக்கு முன் திறந்ததுமே கரைந்துபோகும். தெருமுனைக் கடைக்காரரும் வீட்டு வேலைக்கு வருபவரும் ஊருக்குப் போய்விடுவார்கள், அந்த வாரத்துக்கான அரிசியும் காய்கறியும் முன்பே வீட்டில் இருக்கட்டும்.