‘ஒண்ணுமில்லை’ என்பவரிடம் அடுத்து என்ன கேட்பது?

மனநல வெளிநோயாளிப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மருத்துவரைப் பார்க்கும் முன் வருகிறவர்களிடம் பேசி விவரம் குறித்துக்கொள்வது என் வேலை. "மனசு கஷ்டமா இருக்கா?" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டால் பலர் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று முடித்துக்கொள்வார்கள். வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் பார்த்துக் கேள்வியை மாற்ற வேண்டும். வீட்டில் யாரைப் பற்றியாவது கவலை இருந்தால் நீங்களும் அப்படியே கேளுங்கள்.

ஆண்களிடம்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். உலக அளவில் மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம். அதனால் ஆண்கள் நலமாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தற்கொலைக்கு முயல்பவர்களில் பெண்கள் அதிகம். இறப்பவர்களிலோ ஆண்கள் பெண்களைப் போல இரு மடங்குக்கும் மேல். குடிக்கு அடிமையாவதும் அவர்களே அதிகம். சோகம் என்று சொல்ல மாட்டார்கள். எரிந்து விழுவார்கள், குடிப்பார்கள், வேலையே கதி என்று கிடப்பார்கள்.

நாற்பதுகளில் இருப்பவர் ஒருவர் வருவார். "தூக்க மாத்திரை மட்டும் போதும், சிஸ்டர்." எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று கேட்பேன். மூன்று, மூன்றரை என்பார். முழித்ததும் என்ன யோசனை ஓடும்? பதில் வராது, கையிலிருக்கும் ஓ.பி. சீட்டைச் சின்னதாக மடிக்க ஆரம்பிப்பார். அப்போது "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டுவிடுவேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கையெட்டும் இடத்தில் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இளவயதினரைப் பொறுத்தவரை, பெரும்பாலான மனநோய்கள் 25 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடும். மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை உண்மை என்று நம்புவது போன்ற நோய்) ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள் தொடங்கும். பெண்களுக்குச் சில வருடங்கள் தள்ளி வரும், சிலருக்கு 45-க்கு மேலும். படிப்பில் திடீர்ச் சரிவு, அறையை விட்டு வராமை, யாரோ பேசுவது கேட்கிறது என்பது எல்லாம் கவனிக்க வேண்டியவை. "அப்படி யாரும் பேசலையே" என்று வாதாடாதீர்கள். அந்தக் குரல் எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று கேளுங்கள்.

குழந்தை பெற்ற பெண்ணுக்கு முதல் சில நாட்கள் அழுகையாக வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் சிகிச்சை தேவை. குழந்தை தூங்கும்போது உனக்கும் தூக்கம் வருகிறதா என்று கேட்டாலே நிறைய தெரியும். ஆயிரத்தில் ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாத பேச்சும் விபரீத நம்பிக்கைகளும் வரும். அது அவசரச் சிகிச்சை. ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். மாதவிலக்கு நிற்கும் பருவத்திலும் மனச்சோர்வு தலைதூக்கலாம். வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அது மிகவும் வருத்தம்.

முதியவர்கள் மனதைச் சொல்ல மாட்டார்கள். வயிறு சரியில்லை, பசியில்லை, மறதி என்பார்கள். தைராய்டு, பி12 குறைவும் இப்படிக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். ஆனால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஆள் தடுமாறி உளற ஆரம்பித்தால் அதை முதுமை என்று விடக் கூடாது. கிருமித்தொற்றோ மருந்தின் விளைவோ இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எந்த வயதானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் மாற்றம் நீடித்தால் கூட்டி வாருங்கள். எப்போதிலிருந்து என்ன மாறியது, சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அப்புறம், கூட வந்தவர்கள் கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள். வீட்டில் அடி வாங்கும் பெண் கணவர் பக்கத்தில் இருக்கும்போது அதைச் சொல்லவே மாட்டார்.