ஏற்றம் ஏறி நிறுத்திய கார்பரேட்டர் வண்டி சூட்டில் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி, பர்லியாற்றில் தேநீருக்காகக் கால் மணி நேரம் நிறுத்தப்படும் பழைய கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வண்டிகளில் சில, காலையில் சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆகியிருந்தாலும், அங்கே எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் கிளம்புவதில்லை. இந்தக் கோளாறை வண்டி மக்கர் செய்யும் இடத்திலேயே, எஞ்சின் சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பட்டறைக்குக் கொண்டுபோனால் அது ஒழுங்காக ஓடும். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிக் கொடுப்பார்கள். அடுத்த ஏற்றத்தில் மீண்டும் நிற்கும். என் மாருதி 800க்கு மூன்று முறை இப்படித்தான் நடந்தது.

எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டமும் காற்றும் நின்றுபோவதால், எஞ்சினின் சூடு மெல்ல ஏறிக் கார்பரேட்டரைச் சேர்கிறது. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்குபவை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் மலையில் அது இன்னும் எளிதாகிறது. உதகையில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. வெளியே குளிராக இருப்பதும் பெரிதாக உதவாது, ஏனெனில் இரண்டாம் கியரில் கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் வண்டியின் பானெட்டுக்குள் போதிய காற்று நுழைவதில்லை.

முதலில், ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்து, காலை எடுக்காமல் ஏழெட்டு விநாடி செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு மிதியும் கூடுதல் பெட்ரோலை உள்ளே தெளிக்கும். திணறியபடி ஸ்டார்ட் ஆகிக் கரும்புகை தள்ளினால், பெட்ரோல் மிகுந்து போயிருக்கிறது. இதற்கும் மசியாவிட்டால் ஒரு ஸ்பார்க் பிளக்கைத் துணி சுற்றிய கையால் கழற்றிப் பாருங்கள். முனை ஈரமாக இருந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது தீப்பொறி இல்லை. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை.

பெட்ரோல் மிகுதிக்கான காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு, டார்ச் அடித்துக் கார்பரேட்டர் தொண்டைக்குள் உற்றுப் பாருங்கள். அருகில் எவரும் புகைக்கக் கூடாது. நிறுத்திய உடனேயே குழல் நுனியில் துளி திரண்டு சொட்டினால், பெட்ரோல் வரும் வழியை மூடும் நீடில் வால்வு சரியாக அடைக்கவில்லை அல்லது அந்த வால்வை இயக்கும் ஃப்ளோட் எனும் மிதவையின் மட்டம் உயர்ந்திருக்கிறது. முதலில் ஒன்றுமில்லாமல், ஐந்து பத்து நிமிடம் கழித்துக் குமிழியோடு சொட்டத் தொடங்கினால், கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் அது கொதிக்கிறது என்று பொருள். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் புதுக் கார்பரேட்டர் வாங்குவது வீண் செலவு. என் வண்டியில் பத்தாவது நிமிடத்தில்தான் சொட்டியது. கார்பரேட்டருக்கும், கலவையை எஞ்சினுக்குக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் தடித்த துண்டை யாரோ எடுத்துவிட்டு வெறும் பேக்கிங் வைத்திருந்தார்கள். துண்டை வைத்ததும் தொல்லை நீங்கியது. பெட்ரோல் திரும்பிச் செல்லும் ஹோஸ் அடைத்திருக்கிறதா, குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு சூடான பிறகும் முழுதாகத் திறக்காமல் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சமவெளியில் டியூன் செய்த வண்டி உதகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்த காற்றையே இழுப்பதால், அங்கே கலவை தானாகவே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும்.

பிளக் உலர்ந்திருந்தால் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளிழுத்தால் அதன் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையேல் பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி நிற்கிறது. ஈரத் துணியைப் பம்ப்பின் மேல் சுற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் கிளம்பும். எனினும் எஞ்சினை ஒட்டி ஓடும் ஹோஸை விலக்கிக் கட்டுவதே நிலையான தீர்வு.

தீப்பொறியைச் சோதிக்கும்போது, கழற்றிய பிளக்கின் துளையிலிருந்து தள்ளி, எஞ்சின் உலோகத்தில் படும்படி பிளக்கை வைக்க வேண்டும். நீலமாக வெடிக்க வேண்டிய பொறி சூட்டில் மட்டும் மஞ்சளாக மங்கினால் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலையும், பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் பழைய வகைத் தொடுமுனை) உள்ள வண்டியானால் அதனோடு இருக்கும் கண்டென்சரையும் சந்தேகியுங்கள். பெட்ரோல் மிகுதி, பெட்ரோல் வராமை, தீப்பொறி ஆகிய மூன்றிலுமே குறையில்லை என்றால் எக்ஸாஸ்ட் வால்வின் டாப்பெட் இடைவெளி இறுகி, சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம்.

எதைச் சரிசெய்தாலும், அதே ஏற்றத்தை ஏறி, அதே இடத்தில் பானெட்டைத் திறக்காமல் பதினைந்து நிமிடம் நிறுத்தி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.