ஒழுங்கற்ற குறு விண்மீன் மண்டலத்தை இனம் காண்பது எப்படி?

சுருள் மண்டலங்களின் அழகில் மயங்கித்தான் நம்மில் பலர் வானியல் பக்கம் வருகிறோம். எனக்கு அதிகம் பிடித்தவை உருவம் என்று எதுவும் கூடிவராத குறு மண்டலங்கள்தான். அவற்றைப் பார்த்துப் பழகத் தொலைநோக்கி வேண்டாம், கணினியும் இணையமும் போதும்.

படி 1: அலாடின் லைட் என்ற இலவச வான்வரைபடத்தைத் திறந்து, என்ஜிசி 6822 என்ற பட்டியல் பெயரை ஆங்கில எழுத்தில் (NGC 6822) தட்டித் தேடுங்கள். 1884-இல் அமெரிக்க வானியலாளர் பர்னார்டு கண்டுபிடித்த மண்டலம் இது. சுமார் 16 லட்சம் ஒளியாண்டு தொலைவில், தனுசு ராசித் திசையில் இருக்கிறது. முழுநிலவின் அகலம், அதாவது அரை பாகை, திரையை நிரப்பும்வரை பெரிதாக்குங்கள். பளிச்சென்று தெரியும் புள்ளிகளில் பெரும்பாலானவை நம் பால்வீதியின் விண்மீன்கள். அவற்றுக்குப் பின்னால் மங்கலாகப் படர்ந்திருப்பதுதான் நாம் தேடி வந்தது.

படி 2: இதன் மையம் எது என்று தேடுங்கள். பிடிபடாது. உப்பிய நடுப்பகுதி இல்லை, சுருள் கைகள் இல்லை. வடக்கு தெற்காக ஒரு மங்கலான பட்டை மட்டும் ஓடும்.

படி 3: இங்கே அவசரப்படாதீர்கள். படத்தின் மேற்பக்கம், மண்டலத்தின் வடக்கு ஓரத்தில் சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும். ஹப்பிள் 5, ஹப்பிள் 10 என்ற வாயு மேகங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை ஒளிர வைப்பவை அண்மையில் பிறந்த சூடான விண்மீன்கள். மண்டலத்தின் நிறை குறைவு, சுழற்சியும் மெதுவானது. அதனால் வாயுவைச் சுருளாக இழுத்து வரிசைப்படுத்த வலு போதாது; எங்கே வாயு திரள்கிறதோ அங்கே விண்மீன் பிறக்கிறது. பெரிய விண்மீன்கள் வெடிக்கும்போது சுற்றியுள்ள வாயு எளிதில் விலகிவிடும். ரேடியோ தொலைநோக்கியில் பார்த்தால், இந்த மண்டலத்தின் வாயுவில் பெரிய ஓட்டை ஒன்று தெரிகிறது. அந்த வாயு, நாம் படத்தில் பார்க்கும் பகுதியையும் தாண்டி வெகுதூரம் பரந்திருக்கிறது.

படி 4: இப்போது ஒப்பிட்டுப் பார்க்க, ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் துணையான என்ஜிசி 147-ஐ (NGC 147) தேடுங்கள். அதுவும் குறு மண்டலம்தான், ஆனால் திட்டே இல்லாமல் வழவழப்பாக இருக்கும். வாயு ஏறக்குறைய இல்லை, புது விண்மீன் பிறப்பும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: கலைந்து தெரிவதெல்லாம் இந்த வகை ஆகாது. எம் 82 (M82) என்ற விண்மீன் மண்டலத்தை நெடுங்காலம் ஒழுங்கற்றது என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். 2005-இல் அகச்சிவப்புப் படங்களில் அதன் சுருள் கைகள் வெளிப்பட்டன.

பயிற்சிக்கு, இன்னொரு ஒழுங்கற்ற குறு மண்டலமான ஐசி 1613-ஐ (IC 1613) தேடிப் பாருங்கள். புது விண்மீன்கள் குவிந்திருப்பது அதன் வடகிழக்கில், படத்தில் மேல் இடது பக்கம்.