வானத்தைப் பார்த்து நிற்கும் குழாயை மூடாதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய வீட்டுக்குக் குடிவருபவர்களைக் குழப்புவது சுடுதண்ணீர் டேங்கைச் சுற்றியுள்ள குழாய்கள்தான். விறகு பாய்லரிலிருந்து இரண்டு, மேல்தொட்டியிலிருந்து ஒன்று, குளியலறைக்கு ஒன்று, அப்புறம் எங்கும் போகாமல் வானத்தைப் பார்த்து நிற்கும் இன்னொன்று. எல்லாம் ஒரே ஜி.ஐ. பைப், ஒரே பெயின்ட்.

அந்தக் கடைசிக் குழாய்தான் ஏர் வென்ட், அதாவது டேங்குக்குள் காற்றும் நீராவியும் போய்வர விட்ட வழி. அது சும்மா நிற்கிறது என்று நினைத்து எண்ட் கேப் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. எங்கள் வீட்டிலேயே நடந்தது. வென்ட்டில் தண்ணீர் சொட்டுகிறது என்றேன். வந்த பிளம்பர் கேப் போட்டு மூடிவிட்டுப் போனார், சொட்டுவதும் நின்றது. இரண்டு மாதம் கழித்து டேங்கைக் கழுவ மேல்தொட்டி வால்வை அடைத்துவிட்டு அடி வால்வைத் திறந்தோம். காற்று உள்ளே போக வழியில்லை. செம்பு டேங்க் உள்பக்கமாக ஒடுங்கிவிட்டது.

நல்லவேளை, மேல்தொட்டி வால்வும் அடைபட்டிருந்த அந்த நேரத்தில் பாய்லர் எரியவில்லை. 200 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 6 லிட்டர் பெருகும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெருகும் தண்ணீருக்கும் நீராவிக்கும் வழி இல்லாவிட்டால் டேங்க் வெடிக்கும். வென்ட்டில் வால்வுகூட இருக்கக் கூடாது.

சரி, ஏன் சொட்டியது? சுடுதண்ணீர் லேசானது. அதனால் வென்ட்டுக்குள் அதன் மட்டம் மேல்தொட்டி மட்டத்தைவிடச் சற்று உயரத்தில் நிற்கும். 3 மீட்டர் குழாய் முழுக்க 80 டிகிரித் தண்ணீர் இருந்தால் சுமார் 8, 9 சென்டிமீட்டர் ஏறும். குழாயை இன்னும் உயர்த்தியிருந்தால் போதும்.

தொட்டுப் பார்த்துக் குழாயை அடையாளம் காண்பது அடுத்த தவறு. காலையில் எல்லாமே ஜில்லென்றிருக்கும், பாய்லர் எரிந்தபின் பச்சைத்தண்ணீர்க் குழாயும் டேங்க் ஓரத்தில் சுடும். குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். மேல்தொட்டியிலிருந்து வருவது டேங்கின் அடியில் சேரும். குளியலறைக் குழாயும் வென்ட்டும் டேங்கின் உச்சியிலிருந்து கிளம்பும். பாய்லர் குழாய்களில் மேலே இருப்பது சூடேறிய தண்ணீரைக் கொண்டுபோவது, கீழே இருப்பது ஆறிய தண்ணீர் திரும்புவது. மேல் குழாய் வழியெல்லாம் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மேடு விழுந்தால் ஏர் லாக்தான், காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் ஓடாது.

சந்தேகம் இருந்தால், பாய்லர் ஆறியிருக்கும்போது மேல்தொட்டி வால்வை அடைத்துச் சுடுதண்ணீர் டேப்பைத் திறங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றால் நீங்கள் அடைத்தது சரியான குழாய். ஆனால் டேங்க் காலியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் உச்சியிலிருந்து எடுக்கப்படுவதால் டேங்க் நிறைந்தேதான் இருக்கும்.

வென்ட்டைச் சாதாரண பிவிசியில் மாற்றாதீர்கள், சூட்டில் வளைந்துவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு வெளியே தெரியும் குழாய்களைச் சுற்றிக் கட்டுங்கள். வென்ட்டுக்குள் தண்ணீர் உறைந்துபோனால் அதுவும் கேப் போட்டது மாதிரிதான். அன்றைக்கு அது இளகும்வரை பாய்லரைப் பற்றவைக்காதீர்கள்.