டயாலிசிஸில் இருக்கும் நீர்க்கட்டிக்காரருக்குக் காய்ச்சல் வந்தால்

எங்கள் வீட்டில் சிறுநீரக நீர்க்கட்டி, அதாவது டாக்டர்கள் சொல்லும் பாலிசிஸ்டிக் கிட்னி, அம்மா வழியில் வந்தது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, காசைச் சுண்டிப் போடுகிற கதைதான். நான் தப்பித்தேன், அண்ணன் மாட்டிக்கொண்டார். இப்போது சுங்கை சிப்புட்டில் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் மெஷினில் உட்காருகிறார். கூட்டிக்கொண்டு போய்வருவது நான்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை விடுங்கள். "கிட்னிதான் செத்துப் போச்சே, அதுல இனிமே என்ன வரப்போகுது" என்று பெரியம்மா சொல்வார், நாங்களும் நம்பினோம். வேலை செய்யாவிட்டாலும் அந்தக் கிட்னி வயிற்றுக்குள்தான் இருக்கிறது, நூற்றுக்கணக்கான கட்டிகளோடு, ஒவ்வொன்றும் நீர் நிறைந்த மூடிய பை. அதில் ஒன்றுக்குள் கிருமி புகுந்தால் போதும். பலருக்கு ஈரலிலும் இதே கட்டிகள் உண்டு, அதிலும் புகும்.

ஒரு தடவை அண்ணனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே ஒரே இடத்தில் விரல் வைத்தால் துள்ளுகிற வலி. கிளினிக்கில் டெங்கி சோதித்தார்கள், இல்லை. சிறுநீர் பார்த்தார்கள், சுத்தம். ஏதோ ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார், போர்வை மேல் போர்வை போட்டும் நிற்கவில்லை. கட்டியில் கிருமி என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கட்டிக்கும் சிறுநீர் வரும் பாதைக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம், அதனால் சிறுநீர் சுத்தம் என்பதை வைத்துக் கட்டி சுத்தம் என்று சொல்ல முடியாது. யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் இது நமக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்போம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் இரண்டு மூன்று தடவை சூட்டை அளந்து எழுதி வையுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குச் சூடு இயல்பாகவே கொஞ்சம் குறைவாக இருக்கும், கிருமி வந்தாலும் சிலருக்குப் பெரிதாக ஏறாது. 38 டிகிரி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். குளிர், நடுக்கம், விலா வலி, காரணமில்லாத சோர்வு, இதில் எது வந்தாலும் அடுத்த முறை மெஷினுக்குப் போகும்வரை தள்ளிப்போட வேண்டாம், அன்றைக்கே செண்டருக்குப் போன் செய்யுங்கள். நடுக்கம் அதிகமாகி ஆள் குழம்பிப் பேச ஆரம்பித்தால் போனெல்லாம் அப்புறம், நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. பனடோலைப் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு டாக்டரிடம் போனால் காய்ச்சல் இருந்ததே அவருக்குத் தெரியாமல் போகும், போட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாடிக்கைத் தொடவே கூடாது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, "இவருக்குப் பாலிசிஸ்டிக் கிட்னி, டயாலிசிஸில் இருக்கிறார், கட்டியில் கிருமியாக இருக்குமா?" இரண்டு, "ஆண்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னால் பிளட் கல்ச்சர் எடுப்பீர்களா?" ரத்தத்தை எடுத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை அது, மருந்து உள்ளே போனபின் எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். அண்ணனுடைய போன் உறைக்குள் இந்த இரண்டையும் மலாயில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன், கூடவே அவருக்கு ஆகாத மருந்தின் பெயர். வெட்கமே வேண்டாம், நீட்டுங்கள். சாதாரண ஸ்கேனில் எந்தக் கட்டி கெட்டது என்று பல சமயம் தெரியாது. கட்டிக்குள் ரத்தம் கசிந்தாலும் இதே மாதிரிதான் வலிக்கும் என்பதால் டாக்டர்களுக்கும் இது லேசான வேலை இல்லை.

மருந்து விஷயம் கொஞ்சம் வித்தியாசமானது. நிறைய ஆண்டிபயாடிக்குகள் கட்டியின் சுவரைத் தாண்டி உள்ளே சரியாகப் போவதில்லை. சிப்ரோஃபிளாக்சசின் போன்றவை போகும், அதனால் அந்த வகையைக் கொடுப்பது வழக்கம். நான்கு முதல் ஆறு வாரம் ஓடும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிறுத்திவிட்டால் திரும்பி வரும். எங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: சாப்பாட்டோடு போடும் கால்சியம் மாத்திரை சிப்ரோவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. சிப்ரோவை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். மெஷின் நாளில் எப்போது போடுவது என்று மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேளுங்கள், அனேகமாக மெஷின் முடிந்தபின்தான். குதிகால் தசைநார் வலித்தால் உடனே சொல்லுங்கள், அந்த மருந்து தசைநாரைப் பாதிக்கக்கூடியது. அக்கம்பக்கத்தில் "நல்லா தண்ணி குடிங்க, கிருமி கழுவிட்டுப் போயிரும்" என்பார்கள், தண்ணீர் அளவு வைத்திருக்கும் ஆளுக்கு அது நெஞ்சில் நீர் கட்டுவதில் போய் முடியும்.

காய்ச்சல் என்றால் கட்டி மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மெஷினோடு இணைக்கக் கழுத்தில் குழாய் போட்டிருப்பவர்களுக்கு முதல் சந்தேகம் அந்தக் குழாய்தான், ஊசி குத்தும் கையை விடக் குழாயில்தான் கிருமி அதிகம் ஏறும். லயத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டு தலைக்கு ஊற்றிக் குளிக்கிற பழக்கம் குழாய் இருக்கும்வரை கிடையாது, துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறக்கும்போது மிஸ்ஸியும் நாமும் மாஸ்க் போட வேண்டும். கையில் ஃபிஸ்துலா (ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய்) என்றால் நாற்காலியில் உட்காருமுன் சோப்பு போட்டுக் கழுவுங்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். வயிற்று டயாலிசிஸ்காரர்கள் வெளியே வரும் பையைத் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கலங்கலாக இருந்தால் பையோடு அன்றைக்கே புறப்படுங்கள்.

அப்புறம் நம் தோட்டத்து மண். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல், மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ், இரண்டும் நம் நாட்டில் உண்டு, இரண்டாவது சர்க்கரை நோயாளிகளையும் கிட்னி நோயாளிகளையும் கடுமையாகத் தாக்கும். மழை பெய்த மறுநாள் செம்பனைக்குள் போனால் பூட்ஸ் போடுங்கள், காலில் புண் இருந்தால் போகவே வேண்டாம், டாக்டரிடம் "சேற்றில் இறங்கினேன்" என்பதையும் சொல்லுங்கள். அண்ணன் இதை மட்டும் கேட்பதில்லை, ரப்பர் சிலிப்பரோடு இன்றைக்கும் காலையில் வாழைக்கன்று நட்டுவிட்டு வந்து நிற்கிறார், கணுக்கால் வரை சேறு.