கனடாவில் வொர்க் பெர்மிட்டில் இருந்து பி.ஆர். வரை: ஊரில் முதலில் முடிக்க வேண்டிய வேலைகள்

கனடாவில் இருக்கும் பிள்ளைகள் பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை, பற்றிக் கதைக்கத் தொடங்கினால், வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவம் பார்த்துப் போடுகிற புள்ளியிலேயே பேச்சு முழுக்க நிற்கும். இந்த முறை எத்தனை புள்ளிக்கு எடுத்தார்கள், போன முறை எத்தனை, பிரெஞ்சு படித்தால் சரிவருமா. நான் யாழ்ப்பாணத்தில் பத்திரங்களை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிற ஆள். என் மேசைக்கு ஓடிவருகிற அவசரங்களில் முக்கால்வாசி வேறு மாதிரியானவை. பி.ஆர்.க்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் பிள்ளைக்கு அழைப்பு வந்துவிட்டது, ஊரில் எடுக்க வேண்டிய பத்திரம் கையில் இல்லை. அழைப்பு வந்த நாளில் இருந்து முழு விண்ணப்பத்தையும் கொடுக்க 60 நாள்தான் தருவார்கள். பிரதேச செயலகம், பொலிஸ், மொழிபெயர்ப்பு என்று அலைய அது காணாது.

ஆகவே ஊர் வேலையை முன்னுக்கு வைத்து, கனடா வேலையை அப்புறம் சொல்கிறேன். ஸ்டடி பெர்மிட்டில் போய்ப் படித்து முடித்து, இப்போது வொர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறவர்களுக்கான வழி இது. அகதிக் கோரிக்கை, ஸ்பொன்சர் ஆகியவற்றின் விதிகள் வேறு.

படி 1: மூன்று திகதிகளை எழுதி வையுங்கள்

வொர்க் பெர்மிட் முடியும் திகதி, கடவுச்சீட்டு முடியும் திகதி, உங்கள் 30வது பிறந்தநாள்.

படிப்பு முடித்தவர்களுக்குத் தருகிற வொர்க் பெர்மிட் வாழ்நாளில் ஒருமுறைதான், கூடியது 3 வருடம். படிப்பு முடிந்து 180 நாளுக்குள் கேட்க வேண்டும். கடவுச்சீட்டு இடையில் முடிகிறதென்றால் பெர்மிட்டையும் அந்தத் திகதியோடு வெட்டி விடுவார்கள். ரொறன்ரோவில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறது, நேரத்தோடு புதுப்பியுங்கள். வயதுப் புள்ளி 29 வரை முழுமையாக வரும். தனியாளுக்கு அது 110. 30 ஆனதும் 105, அங்கிருந்து வருடா வருடம் இறங்கும்.

படி 2: பிறப்புச் சான்றிதழும் பெயர்களும்

முதன்மை விண்ணப்பதாரரின் பிறப்புச் சான்றிதழை எல்லோரிடமும் கேட்பதில்லை. பிள்ளைகள் இருந்தால் அவர்களுடையது வேண்டும். அண்ணனோ அக்காவோ கனடாவில் பி.ஆர். அல்லது குடியுரிமையோடு இருந்தால் 15 புள்ளி கிடைக்கும். அதைக் கேட்பதென்றால் இரண்டு பேருடைய சான்றிதழும் வேண்டும். (மாமா, சித்தப்பா கணக்கில் வரமாட்டார்கள். வீட்டில் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.)

சிக்கல் இங்கேதான் வருகிறது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அண்ணனின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். தம்பியுடையதில் அவனுடைய சொந்தப் பெயரே அந்த இடத்தில் இருக்கும். அப்பாவின் பெயர் சண்முகநாதன் என்று வையுங்கள். பதினைந்து வருடத்துக்கு முன் அண்ணனுக்கு மொழிபெயர்த்தவர் அதை 'எஸ் எச்' என்று தொடங்கியிருப்பார், தம்பிக்குச் செய்தவர் வெறும் 'எஸ்' போட்டிருப்பார். கனடாவில் கோப்பைத் திறக்கிற அதிகாரிக்கு இவை இரண்டு வேறு மனிதர்களின் பெயர்கள். இருவரும் ஒரு தகப்பன் பிள்ளைகள் என்று காட்டத்தான் அந்தப் பத்திரமே, அதில் தகப்பன் பெயரே ஒத்துவரவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிரதேச செயலகத்தில் இரண்டு பேருக்கும் புதிய பிரதி எடுங்கள். இரண்டையும் ஒரே மொழிபெயர்ப்பாளரிடம், ஒரே நாளில் கொடுங்கள். கூடவே இருவரின் கடவுச்சீட்டுப் பிரதிகளையும், அப்பாவுடையது இருந்தால் அதையும் கொடுத்து, அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே பாவிக்கச் சொல்லுங்கள். பத்திரத்தின் பின்பக்கம், முத்திரை, ஓரத்தில் பதிவாளர் எழுதிய திருத்தக் குறிப்பு எல்லாமே மொழிபெயர்க்கப்பட வேண்டும். முன்பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்து அனுப்பினால் வேலை நடக்காது.

மொழிபெயர்ப்பாளர், சங்கம் ஒன்றில் சான்று பெற்றவராக இல்லாவிட்டால் அவருடைய சத்தியக் கடதாசியும் வேண்டும், நொத்தாரிஸ் முன்னால் ஒப்பமிட்டது. உங்கள் பெரியம்மா ஆங்கில ஆசிரியையாக இருக்கலாம், ஆனால் உறவினர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள்.

பிறந்த திகதியோ பெயரோ மூலப் பத்திரத்திலேயே பிழை என்றால் அது மொழிபெயர்ப்பாளர் கையில் இல்லை. பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1995 இடப்பெயர்வோடு பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒரு வழி உண்டு. இவை இரண்டும் ஆறுதலாக நடக்கிற வேலைகள், இன்றைக்கே தொடங்குங்கள்.

படி 3: பொலிஸ் ரிப்போர்ட்

18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்துக்குள், தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டில் இருந்தும் ரிப்போர்ட் வேண்டும். இலங்கை மட்டும் என்று நினைக்காதீர்கள், இடையில் கட்டாரில் ஒரு வருடம் வேலை செய்திருந்தால் அதுவும் சேரும். கனடாவில் இருந்த காலத்துக்கு எடுக்கத் தேவையில்லை.

பலர் தவறவிடுவது ஒரு விதியை. நீங்கள் கடைசியாக அந்த நாட்டில் வாழ்ந்து முடித்த பிறகு வழங்கப்பட்ட ரிப்போர்ட்டாக அது இருக்க வேண்டும். ஸ்டடி பெர்மிட்டுக்காக ஊரில் இருந்தபோது எடுத்தது அதனால்தான் போதாது. இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கனடாவுக்குப் போன பிறகு ஒருமுறை எடுத்துவிட்டால், திரும்ப வந்து ஆறு மாதம் தங்காத வரை அதையே கொடுக்கலாம். அழைப்புக்காகக் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் இருந்த முகவரிகளின் பொலிஸ் நிலையங்களுக்கு விசாரணைக்குப் போகும். வாடகை வீடு, கொழும்பில் படித்தபோது தங்கிய அறை உட்பட எல்லா முகவரியையும் திகதி வாரியாகக் கொடுங்கள். வீட்டிலும் சொல்லி வையுங்கள். பொலிஸ் வந்து மகனை விசாரித்தால் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

படி 4: எழுத்து முடிந்ததா?

இதை நிதானமாக வாசியுங்கள். யாழ்ப்பாணத்தில் எழுத்தை, அதாவது திருமணப் பதிவை, முதலில் முடித்து, தாலிகட்டை ஒரு வருடம் தள்ளி நல்ல நாள் பார்த்து வைப்பது வழமை. பிள்ளை லீவில் வந்து எழுத்து முடித்துவிட்டுத் திரும்பிப் போகும். பிறகு பி.ஆர். படிவத்தில் 'திருமணமாகாதவர்' என்று நிரப்பும். கேட்டால், "இன்னும் கலியாணம் நடக்கேல்லையே அங்கிள்" என்று பதில் வரும்.

கனடாவுக்கு நீங்கள் எழுத்து வைத்த நாளில் இருந்து திருமணமானவர். துணையையும் பிள்ளைகளையும், அவர்கள் இப்போது கூட வராவிட்டாலும், படிவத்தில் காட்டியே ஆக வேண்டும். அவர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு, 18 தாண்டியவர்களுக்குப் பொலிஸ் ரிப்போர்ட்டும் உண்டு. காட்டாமல் பி.ஆர். எடுத்துவிட்டால், அந்தத் துணையைப் பிற்காலத்தில் ஸ்பொன்சர் செய்யும் வழி பொதுவாக அடைபட்டுவிடும். அதற்கு மேல், பொய் சொன்னதாக முடிவெடுத்தால் 5 வருடத் தடையும் வரலாம்.

விண்ணப்பம் கொடுத்த பிறகு எழுத்து வைத்தாலும் விதி இதேதான். பி.ஆர். உறுதியாகும் முன் அவர்களுக்கு அறிவித்து, துணையைக் கோப்பில் சேர்க்க வேண்டும். சாத்திரியார் குறித்த நாளை நான் மாற்றச் சொல்லவில்லை. நாள் குறிக்கும் முன் கனடாவில் இருக்கும் பிள்ளையிடம் கோப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்று கேளுங்கள்.

படி 5: செய்கிற வேலை கணக்கில் வருமா?

இனிக் கனடாப் பக்கம். புள்ளி பார்த்து அழைக்கிற திட்டமான எக்ஸ்பிரஸ் என்ட்ரி 2015 ஜனவரியில் தொடங்கியது. அதற்குள் உங்களுக்குப் பொருந்துவது பெரும்பாலும் 'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ்'. கடந்த 3 வருடத்துக்குள் கனடாவில் ஒரு வருடத் திறன்சார் வேலை, அதாவது 1,560 மணித்தியாலம் வேண்டும். கிழமைக்கு 30 மணித்தியாலத்துக்கு மேல் செய்தாலும் 30 என்றுதான் எண்ணுவார்கள், ஆகவே இரண்டு ஷிப்ட் அடித்து ஆறு மாதத்தில் முடிக்க முடியாது. முழுநேரம் படித்தபோது செய்த வேலை சேராது. சொந்தத் தொழிலும் இந்த வகைக்குச் சேராது.

கனடா எல்லா வேலைகளையும் 'டியர்' என்று 0 முதல் 5 வரை பிரித்து வைத்திருக்கிறது. திறன்சார் என்றால் டியர் 0, 1, 2, 3 என்ற பிரிவுகளில் வருகிற வேலை. ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையை எடுங்கள். காசாளரும் தட்டு அடுக்குகிறவரும் டியர் 5, கணக்கில் இல்லை. அதே கடையில் ஆட்களுக்கு நேர அட்டவணை போட்டு, வேலையை மேற்பார்வை செய்கிற சூப்பர்வைசர் டியர் 2. உணவகத்தில் சமையற்காரர் டியர் 3, வெங்காயம் வெட்டி பாத்திரம் கழுவுகிற உதவியாளர் டியர் 5. பதவிப் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், நீங்கள் உண்மையில் செய்கிற வேலையைத்தான் பார்ப்பார்கள். ஆகவே முதலாளியிடம் வாங்கும் கடிதத்தில் செய்த வேலைகள், தொடங்கிய திகதி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம், ஒப்பம் எல்லாம் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டும் வருடம் முடிந்தபின் தருகிற டி4 வரிப் படிவமும் அந்தக் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். கையில் காசாகச் சம்பளம் வாங்குகிற வேலையை நிரூபிக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

வேலையை விடும் முன்னரே கடிதத்தை வாங்குங்கள். மனஸ்தாபத்தோடு விலகிய பிறகு கேட்டால் கிடைக்காது.

எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க முதலாளி எடுக்கிற அரச அனுமதி) வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன், 50 புள்ளி வரும் என்று யாராவது இலட்சக் கணக்கில் காசு கேட்டால் கும்பிடு போட்டு அனுப்புங்கள். வேலைக் கடிதத்துக்கான புள்ளிகளை 2025 மார்ச் 25 இல் நீக்கிவிட்டார்கள்.

படி 6: ஆங்கிலப் பரீட்சையும் ப்ரொஃபைலும்

ஐஈஎல்டிஎஸ் ஜெனரல், செல்பிப் ஜெனரல், பி.டி.ஈ. கோர் மூன்றில் ஒன்று. படிக்கப் போவதற்காக எழுதிய அகடமிக் இங்கே செல்லாது. முடிவு 2 வருடத்துக்குச் செல்லும். டியர் 0, 1 வேலைக்கு ஐஈஎல்டிஎஸ்ஸில் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நான்கிலும் குறைந்தபட்சம் 6. ஆனால் அதோடு நிற்காதீர்கள். கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால் கனடாவின் மொழி அளவுகோலில் சி.எல்.பி. 9 என்ற நிலை, அங்கே படிப்பும் அனுபவமும் சேர்ந்து தருகிற புள்ளிகளும் கூடிவிடும். இன்னொரு டிப்ளோமாவுக்குக் கொட்டுகிற காசை விட இன்னொரு தடவை பரீட்சை எழுதுகிற காசு மலிவு.

ஊரில் எடுத்த பட்டத்துக்குப் புள்ளி வேண்டுமென்றால் வெஸ் போன்ற நிறுவனத்தில் மதிப்பீடு எடுக்க வேண்டும், அது 5 வருடம் செல்லும். எல்லாம் கையில் வந்ததும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் உங்கள் ப்ரொஃபைலைப் போடுங்கள். அது 12 மாதம் உயிரோடு இருக்கும். மாகாணம் ஒன்று உங்களைத் தெரிவு செய்தால் 600 புள்ளி. 2023 இல் இருந்து பிரெஞ்சு, சுகாதாரம், கைத்தொழில் என்று துறை வாரியாகவும் எடுக்கிறார்கள்.

படி 7: அழைப்பு வந்தபின்

ஊர்ப் பத்திரங்கள் தயாராக இருந்தால் இது ஒரு கிழமை வேலை. 2025 ஒகஸ்ட் 21 இல் இருந்து மருத்துவப் பரிசோதனையை முன்கூட்டியே செய்து விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். கனடா அங்கீகரித்த பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும்தான் போகலாம். கட்டணம் 2024 ஏப்ரல் 30 இல் வந்த மாற்றத்தின்படி ஒருவருக்கு 1,525 கனடா டொலராக இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள், கட்டுகிற நாளில் பார்த்துக் கட்டுங்கள்.

இதற்குள் வொர்க் பெர்மிட் முடியப் போகிறதா? விண்ணப்பம் கிடைத்ததாகக் கடிதம் வந்ததும் பி.ஆர். முடிவு வரும்வரைக்கான 'பிரிட்ஜிங்' வொர்க் பெர்மிட்டுக்குப் போடுங்கள். பழையது முடியும் முன் போட்டால் முடிவு வரும்வரை வேலையைத் தொடரலாம். ஒரு நாள் பிந்தினாலும் வேலையை நிறுத்த வேண்டும். நிலையை மீட்க 90 நாள் உண்டு, ஆனால் அந்த நாள்களில் சம்பளம் இல்லை.

படி 8: பி.ஆர். வந்தபின்

குடிவரவுத் துறையின் இணையப் போர்டலில் பி.ஆர். நிலையை உறுதிப்படுத்தும்போது நீங்கள் கனடாவுக்குள் இருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிக்கிட்டு ஊரில் நின்றுகொண்டு செய்ய முடியாது. உறுதியான பிறகும் பி.ஆர். அட்டை கைக்கு வரும் வரை டிக்கெட் போடாதீர்கள். அட்டை இல்லாமல் வந்தால் திரும்பி விமானம் ஏற, வெளிநாட்டில் இருந்தபடி தனிப் பயணப் பத்திரம் கேட்க வேண்டி வரும்.

9 இல் தொடங்குகிற சமூகக் காப்புறுதி எண் தற்காலிகமானது, அதை மாற்றுங்கள். இனி ஒவ்வொரு 5 வருடத்திலும் 730 நாள் கனடாவில் இருந்தால் பி.ஆர். நிலைக்கும். குடியுரிமைக்கு 5 வருடத்தில் 1,095 நாள் வேண்டும். அதில் ஸ்டடி பெர்மிட்டிலும் வொர்க் பெர்மிட்டிலும் இருந்த நாள்களை அரை நாள் வீதம், கூடியது 365 நாள் வரை சேர்க்கலாம். அந்தக் கணக்குக்கு நாட்டுக்குள் வந்த, வெளியே போன திகதிகள் எல்லாம் வேண்டும். ஆகவே பழைய கடவுச்சீட்டை அம்மாவிடம் கொடுத்து விடாமல் உங்களோடேயே வைத்திருங்கள்.