கதவை அறைந்து சாத்தும் பிள்ளையிடம் எப்போது பேசுவது?

பதின்ம வயதுப் பிள்ளை கோபத்தில் கத்தும்போது அறிவுரை சொல்லாதீர்கள். அந்த நிமிடத்தில் எதுவும் உள்ளே இறங்காது. உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதி இந்த வயதில் முந்திக்கொள்கிறது. அதற்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிவிடும்.

முதலில் உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். "இப்ப வேண்டாம்ப்பா, அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று சொல்லி விலகுங்கள். பின்னாலேயே அறைக்குள் போனால் சண்டை பெரிதாகும். ஆனால் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும்.

வந்ததும் "ஏன் இப்படிப் பண்ணினே?" வேண்டாம், அது விசாரணை. "கத்துறதுக்கு முன்னாடி உடம்புல என்ன தெரிஞ்சது?" என்று கேளுங்கள். தாடை இறுகியது, காது சூடானது, கைவிரல்கள் மடங்கின என்று ஏதாவது வரும். அதுதான் அடுத்த முறைக்கான எச்சரிக்கை மணி. அது அடித்ததும் 4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடவேண்டும், ஐந்தாறு முறை. இதை அமைதியான நாளிலேயே பழக்குங்கள். சண்டை நடுவே கற்றுத்தந்தால் எரிச்சல்தான் கூடும். தலையணையைக் குத்தச் சொல்வதும் கோபத்தைக் கிளறவே செய்யும்.

கோபம் கட்டுக்குள் இருக்க, இந்த வயதில் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் வேண்டும்.

பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்தினாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே இருந்தாலோ காத்திருக்காதீர்கள். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.